தெத்தக்காவின் வரிசைப் பல்

பல்லுக்காரர் எதிரே வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறவர்கள் சிலர் உண்டு. அவர் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்தவரில்லை. அவர்கள் வாயில் இருப்பது அவர் கையால் செய்தது, அவ்வளவுதான் குற்றம். துணிக்கடை முதலாளி ஒருவருக்கு மேல்வரிசை முன்பல் இரண்டும் இவர் கைவேலை. வாடிக்கையாளர்களிடம் வாயெல்லாம் பல்லாக நிற்கிற மனிதர், கடை வாசலில் இவர் தலை தெரிந்தால் போதும், உதட்டை இறுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். சிரிப்பு வந்த இடம் அவருக்கு ஞாபகம் வந்துவிடும் போலிருக்கிறது.

பல்லுக்காரர் என்றால் பல் பிடுங்குகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். பிடுங்குவது, துளைப்பது, தாடை எலும்புக்குள் திருகாணி இறக்குவது எல்லாம் டாக்டரம்மாவின் வேலை. அந்தத் திருகாணியை எலும்பு தன்னுடையது என்று நம்பிப் பிடித்துக்கொள்ளச் சில மாதம் ஆகும். பிறகு அதன் தலையில் உட்கார ஒரு பல் வேண்டுமே, அது இவருடைய லேபிலிருந்து வரவேண்டும். பீங்கான் பொடியைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் ஏடு ஏடாக வைத்து, சிறிய மின்சார உலையில் சுட்டு எடுப்பார். சுட்டால் பீங்கான் சுருங்கும், அதனால் முதலில் கழுதைப்பல் மாதிரி பெரிதாகக் கட்டவேண்டும். புதிதாகப் பார்க்கிறவர்கள் பயந்துவிடுவார்கள்.

வெள்ளையாகப் பல் செய்ய யாரால்தான் முடியாது என்பது அவருடைய கட்சி. ஐம்பது வயது வாயில் இருக்கிற பல்லுக்கும் ஐம்பது வயது தெரியவேண்டும். ஈறு ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள், நடுவில் பால் நிறம், நுனியில் வெளிச்சம் ஊடுருவிப் போகிற மாதிரி ஒரு சாம்பல் நீலம். டீ குடிக்கிறவர் என்றால் மயிரிழை விரிசல் ஒன்று, அதில் பழுப்பு பாய்ந்த தடம். பக்கத்துப் பல்லைவிட ஒரு நூல் திரும்பி நிற்கவேண்டும். குறையில்லாத பல் பார்த்த மாத்திரத்தில் பல்லை இளித்துவிடும் என்று சொல்லிவிட்டு, சொன்னதில் இருக்கிற வேடிக்கைக்குத் தானே சிரித்துக்கொள்வார். குறை வைப்பதில் அவருக்கு நிகர் இல்லை. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள்.

இந்தக் குறைகளை அவர் ஊரார் வாயிலிருந்துதான் கற்றார். கற்கிற இடத்தில் மானம் மரியாதை பார்க்க முடியவில்லை. ஒருமுறை பேருந்தில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளின் கோரைப்பல் நிறத்தில் தன்னை மறந்துவிட்டார். அந்த அம்மாள் எழுந்து நின்று, அப்படி என்ன பார்க்கிறீர்கள் என்று நாலு பேர் கேட்கக் கேட்டார். பல்லைப் பார்த்தேன் என்று இவர் உள்ளதைச் சொன்னார். உண்மை சில சமயம் பொய்யைவிடக் கேவலமாகக் கேட்கும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் கூனிக் குறுகி நடந்தே வீடு வந்தார். மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, இனிமேல் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு போங்கள் என்றாள்.

பேருந்தில் ஏறாமலே ஆசைதீரப் பார்த்த வாய் ஒன்று இருந்தது. அது அவருடைய அக்காவின் வாய். ஆறு வயது மூத்தவள். மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு பல் வரிசையை விட்டு வெளியே வந்து, பக்கத்துப் பல்லின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும். தெத்துப்பல். தம்பிக்குப் பேச்சு வந்த வயதில், தெருப்பிள்ளைகள் அக்காவைத் 'தெத்துப்பல்லு' என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதையும் அக்காவையும் ஒன்றாக ஒட்டி 'தெத்தக்கா' என்றார். வீடே வயிறு வலிக்கச் சிரித்தது. தத்தக்கா பித்தக்கா என்று நடக்கிற குழந்தை தெத்தக்கா என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மா அதைச் சொல்லிக் காட்டச் சொன்னாள். அக்காவும்தான் சிரித்தாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

பெயர் ஒட்டிக்கொண்டது. தலை நரைத்த பிறகும் போனை எடுத்தால் "என்ன தெத்தக்கா" என்றுதான் ஆரம்பிப்பார். செல்லப் பெயர் என்றே நினைத்தார். அவரளவில் அது செல்லம்தான், அதில் கலப்படம் இல்லை. தெத்துப்பல் இருக்கிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள், தெத்துப்பல் ஓர் அழகு என்று வேறு எங்கேயோ கேட்டுவைத்திருந்தார். தொழில் படித்த நாளில் அச்சு எடுத்துப் பழக ஒரு வாய் தேவைப்பட்டபோது வேறு யாரும் முன்வரவில்லை. அக்காதான் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். அந்தப் பிளாஸ்டர் அச்சு லேபில் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. வருகிற டாக்டர்களிடம் அதை எடுத்துக் காட்டி, இயற்கை என்றால் இதுதான் சார் என்பார்.

அக்கா ஒரு பெரிய ஆலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். குரல் போதும், முகம் வேண்டாத வேலை. வரவேற்பறையில் உட்காரச் சொல்லிப் பதவி உயர்வு வந்தபோது வேண்டாம் என்றுவிட்டாள். அவளுக்குக் கூச்ச சுபாவம் என்று தம்பி எல்லோரிடமும் சொன்னார். அக்காவின் கணவர் காலமான பிறகு அவள் இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். யாரோடு பேசினாலும் வலது கை தானாக மேலே போய் வாய் ஓரத்தில் நிற்கும். அதையும் சுபாவத்தின் கணக்கிலேயே தம்பி எழுதிக்கொண்டார்.

ஒருநாள் ஆலைப் படிக்கட்டில் கால் இடறி அக்கா முகம் குப்புற விழுந்தாள். மேல்வரிசை முன்பற்கள் நான்கு போயின, தெத்துப்பல்லும் அதில் ஒன்று. தம்பி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், பல்லைத் தேடி எடுத்தீர்களா என்று கூட வந்தவர்களிடம் கேட்டார். அவர்கள் இவரை ஒருமாதிரி பார்த்தார்கள். தேடி வரச் சொல்லி ஆள்கூட அனுப்பினார், கிடைக்கவில்லை. அக்கா படுக்கையில் கிடந்தபடியே, விட்டுவிடு என்று கையை ஆட்டினாள். வலியில் ஆட்டுகிறாள் என்று நினைத்தார்.

டாக்டரம்மா திருகாணிகளை இறக்கினார். எலும்பு பிடிக்கிற வரைக்கும் வெறும் வாயோடு இருக்கவேண்டாம் என்று, கழற்றி மாட்டுகிற ஒரு தட்டுப்பல்லைக் கொடுத்தார். கடைச் சரக்கு. நாலு பல்லும் நாலு சுவிட்சு மாதிரி ஒரே அளவு, ஒரே வெள்ளை, ஒரே நேர்கோடு. பார்த்தாலே தம்பிக்கு உடம்பு கூசியது. எங்கிருந்து பிடித்தீர்கள் இதை என்று டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டார். அக்காவிடம், பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்றார். எந்தப் பல்லைக் கடிப்பது என்று கேட்டு அக்கா சிரித்தாள்.

அந்த மாதங்களில் அக்கா நிறையவே சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வீட்டுக்கு வந்து அவர் மனைவியோடு ஊர்க்கதையெல்லாம் பேசினாள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பல்லைக் காட்டி வேடிக்கை செய்தாள். அடிபட்ட காயம் ஆறிய சந்தோஷம் என்று தம்பி கணக்குப் போட்டார். ஒருநாள் அக்கா கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "இதுவே போதுமேடா" என்றாள். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போயும் போயும் பல்லுக்காரன் அக்கா தட்டுப்பல்லோடு திரிந்தால் என் தொழில் என்னாவது, பொறு, உன் பல்லையே உனக்குத் திருப்பித் தருகிறேன் என்றார். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு சரி என்று தலையாட்டினாள்.

அவர் வேலையில் உட்கார்ந்தார். அக்கா சிரிக்கிற படம் ஒன்று வேண்டியிருந்தது, நிறம் பார்க்க. வீட்டில் இருந்த ஆல்பங்களையெல்லாம் புரட்டினார். ஒன்றில் உதட்டை மூடியிருந்தாள், ஒன்றில் திரும்பியிருந்தாள், ஒன்றில் முன்வரிசைக்காரரின் தலை மறைத்தது. கல்யாணப் படத்தில்கூடக் குனிந்திருந்தாள். படம் எடுத்தவன்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டு, நிறத்துக்கு ஞாபகமே போதும் என்று அலமாரியைத் திறந்து அச்சை எடுத்தார்.

டாக்டரம்மா திருகாணிகளை நேராகவே இறக்கியிருந்தார். நேரான வேரில் கோணல் பல்லை ஏற்றுவதுதான் வித்தை. சாய்வைக் கூட்டினார், குறைத்தார், சுட்டு எடுத்ததை மனமில்லாமல் உடைத்து மறுபடி கட்டினார். தோளில் ஏறிய அந்தப் பல்லின் நிழல் பக்கத்துப் பல்லில் விழுகிற இடத்தைக்கூட ஒரு மங்கலான பழுப்பால் காட்டினார். சாப்பாட்டு நேரம் தெரியவில்லை. முடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கியது. அதுவரை எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறார், அவர்களுடைய பழைய பல் எப்படியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. இது தெரியும். அக்காவின் தெத்துப்பல் அப்படியே பிழைத்து வந்திருந்தது.

பொருத்துகிற அன்று டாக்டரம்மா வாய்விட்டு ஆச்சரியப்பட்டார். நாற்காலியை நிமிர்த்தி அக்காவின் கையில் கண்ணாடியைக் கொடுத்தார்கள். அக்கா பார்த்தாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பிறகு வலது கை மெல்ல மேலே போய் வாயைப் பொத்திக்கொண்டது, கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. டாக்டரம்மாவும் மூக்கை உறிஞ்சினார். பாசமலர்கள் என்றார் உதவிக்கு நின்ற பெண். மற்றவர்களுக்குக் காட்ட ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று டாக்டரம்மா கேட்க, அக்காவைக் கேட்காமலே தம்பி தாராளமாக என்றார். கையை எடும்மா, கையை எடும்மா என்று இரண்டு பேரும் சொல்லச் சொல்ல, அக்கா கையை எடுத்து, சொன்ன மாதிரி சிரித்துக் காட்டினாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வரவில்லை. போனில் கேட்டால் தலைவலி, வீட்டில் வேலை. ஒருதடவை வந்தவள் கால்மணி நேரத்தில் கிளம்பினாள். அவள் போன பிறகு மனைவி பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"உங்கக்கா வாயிலேருந்து கையை எடுக்கவே இல்ல. பாத்தீங்களா?"

"அது அவ பழக்கம். பொறந்ததுலேருந்து அப்படித்தான்."

"அந்தத் தட்டு போட்டிருந்த வரைக்கும் அந்தப் பழக்கம் எங்க போச்சு?"

ஊரில் உள்ளவர் வாயையெல்லாம் பார்த்த மனிதர், அந்த வாய்க்கு முன்னால் ஒரு கை நின்றதை இத்தனை காலம் பார்க்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்ற அக்கா, இதுவே போதுமே என்றது, ஆல்பத்தில் ஒரு சிரிப்புகூட அகப்படாதது, ஆஸ்பத்திரியில் விட்டுவிடு என்று கையை ஆட்டியது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து முகத்தில் அறைந்தன. செருப்பை மாட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தார்.

அக்கா கதவைத் திறந்ததும் கையை உயர்த்தினாள். வந்தவர் தம்பி என்று தெரிந்த பிறகும் இறக்கவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தம்பி, பல் எங்கேயாவது உறுத்துகிறதா என்று கேட்டார். டாக்டர் வேலை பார்க்காதே, உட்கார் என்றாள். உட்கார்ந்தார். பல் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். இத்தனை வருடத் தொழிலில் யாரிடமும் அவர் அதைக் கேட்டதில்லை. பல் சரியாக இருக்கிறதா என்பது அவருக்கே தெரியும், அவர்களை எதற்குக் கேட்பது?

"நல்லாருக்குடா," என்றாள் அக்கா. "அசல் மாதிரியே இருக்கு. அதான் கஷ்டம்."

"அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு சொல்வாங்க. நீ பல்லையே தானம் குடுத்துட்டே. நான் எதைப் புடிச்சுப் பாக்கறது?"

அவளே சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே கைக்குள் போய்விட்டது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். பள்ளிக்கூடத்தில் பாட்டுக்கு நின்றால் டீச்சர் பின்வரிசைக்கு அனுப்பியதைச் சொன்னாள். டெலிபோனில் தன் குரலைக் கேட்டுப் பழகிய ஒரு அதிகாரி நேரில் வந்து பார்த்துவிட்டு, ஓ நீங்கள்தானா என்று சொன்ன விதத்தைச் சொன்னாள். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. இன்னொருத்தியின் கதை மாதிரிதான் சொன்னாள்.

"அன்னிக்குப் படியில விழுந்தேன் பாரு. வாயெல்லாம் ரத்தம். நாக்கால தடவிப் பாத்தேன், அந்தப் பல்லைக் காணோம். அப்பாடான்னு இருந்துச்சுடா. வலி அதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது. நீ என்னடான்னா அதை எங்கேயோ தேடிக் கண்டுபுடிச்சு, திரும்ப என் வாயிலயே நட்டுட்டே."

தம்பிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கழற்றிவிடலாம், பின்பக்கத் திருகைத் தளர்த்தினால் வந்துவிடும், வேறு செய்கிறேன் என்று அவசரமாகச் சொன்னார். எப்படி வேண்டும் என்று கேட்டார். அக்கா தயங்காமல் சொன்னாள். அதை அவள் மனதுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்திருக்கவேண்டும்.

"வரிசையா வேணும். வெள்ளையா வேணும்."

"பொய்ப்பல்லுன்னு பாத்தவுடனே தெரிஞ்சுடுமே?"

"தெரியணும்டா. இது இவ பல்லு இல்ல, வாங்கி வச்சதுன்னு எல்லாருக்கும் தெரியணும்."

கிளம்பும்போது வழக்கம்போல "வரேன் தெத்" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பேச ஆரம்பித்த நாளிலிருந்து அந்தப் பெயரைத் தவிர வேறு பெயரால் அவளைக் கூப்பிட்டதில்லை. "வரேன்க்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. தெருமுனை வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். தான் செல்லம் என்று நினைத்து ஒவ்வொரு நாளும் வீசிய கல்லை ஒவ்வொன்றாக எண்ணினால் முடியுமா? வீட்டுக்குப் போய் மனைவியிடம்கூட அவரால் நிமிர்ந்து பேச முடியவில்லை.

மறுநாள் முதல் காரியமாக அலமாரியிலிருந்த அச்சை எடுத்து உடைத்துக் குப்பையில் போட்டார். பிறகு வேலைக்கு உட்கார்ந்தார். கை வரவில்லை. தூரிகை அதன்பாட்டுக்கு ஈறு ஓரம் மஞ்சளுக்குப் போகும், இழுத்துக்கொண்டு வருவார். நுனியில் சாம்பல் நீலம் வைக்காதே என்று தன்னைத்தானே அதட்டினார். நிற மாதிரிகளில் கடைசி வெள்ளைக்கும் ஒரு படி மேலே போனார். லேபில் வேலை செய்கிற இரண்டு பெண்கள் பக்கத்தில் வந்தால் மேலே துணியைப் போட்டு மூடினார். திருட்டுச் சரக்கு வைத்திருக்கிறவன்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டான். டாக்டரம்மா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, இது உங்கள் லேபிலிருந்து வந்ததுதானா என்று கேட்டார். வாய்க்குச் சொந்தக்காரர் விருப்பம் என்று இவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

அக்கா கண்ணாடியைப் பார்த்தாள். இந்தத் தடவை அழவில்லை. கண்ணாடியை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள், ஈ என்றாள். கடைவாய் வரைக்கும் தெரியச் சிரித்தாள். கை மடியிலேயே கிடந்தது. அதைப் பார்த்துத் தம்பிக்கு நெஞ்சு நிறைந்தது உண்மை. கூடவே, இதை இன்னும் யார் யார் பார்க்கப்போகிறார்களோ என்று கணக்குப் போட்டதும் உண்மை.

பல் டாக்டர்களும் லேப்காரர்களும் வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு கூடுவார்கள். வாடகைக்கு எடுத்த ஒரு கூடம், நாற்காலிகள், புது உலைகளும் பொடிகளும் பரப்பிய மேசைகள், டீ. அந்தக் கூட்டத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள். வணக்கம் சொல்வதற்குள் கண் வாய்க்குப் போய்விடும். அந்த வருடம் மனைவிக்கு முழங்கால் வலி. அக்கா, நான் வருகிறேன் என்றாள். அங்கே வெறும் பேச்சு, அலுப்பாக இருக்கும் என்று தம்பி சொல்லிப் பார்த்தார். நாற்காலி போதாது என்றார். அக்கா நீலப் புடவையைத் தேய்த்து வைத்துவிட்டாள். வாழ்நாளில் கூட்டம் என்றால் ஓடி ஒளிந்தவள் வருகிறேன் என்கிறாள், அவளை எந்த வாயால் வேண்டாம் என்பது?

கூடத்து வாசலில் அவருடைய கால் தானாக வேகம் பிடித்தது. இரண்டு பேரும் சேர்ந்து வந்தவர்கள் என்று தெரியாத அளவுக்கு முன்னால் போய்விட்டார். அக்கா நிதானமாக மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு, நின்றவர்களிடமெல்லாம் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தாள். வெளிச்சமான கூடம். அந்தக் கோடியில் நின்றாலும் நாலு பல்லும் தெரிந்தன.

பூதக்கண்ணாடி டீயோடு வந்து பக்கத்தில் நின்றார். அவரும் லேப்காரர்தான், தொழிலில் மூத்தவர், கழுத்தில் எப்போதும் ஒரு லென்சு தொங்குவதால் அந்தப் பெயர். நம்ம பல்லுக்காரர் செய்த பல்லை அவரிடமே காட்டினாலும் எது என்று கண்டுபிடிக்க மாட்டார் என்று போன கூட்டத்தில் மேடையிலேயே சொன்னவர். இவர் வாழ்க்கையில் கிடைத்த பெரிய பட்டம் அதுதான்.

"அந்த நீலப் புடவை அம்மாவைப் பாத்தீங்களா?" என்றார் பூதக்கண்ணாடி, குரலைத் தாழ்த்தி. "வாயில சுண்ணாம்பு அடிச்சு அனுப்பியிருக்காங்க. எந்த லேப் வேலைன்னு தெரியுமா?"

"தெரியலயே," என்றார் பல்லுக்காரர்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னார்.

"யாராவது புதுசா தொழிலுக்கு வந்தவங்களா இருக்கும். கத்துக்குட்டி வேலை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இங்கேயா நிற்கிறாய், உன்னை எங்கெல்லாம் தேடுவது என்று தம்பியின் தோளைத் தட்டிவிட்டு, பூதக்கண்ணாடியின் பக்கம் திரும்பினாள்.

"நான் இவன் அக்கா. என் பல்லு இவன் செஞ்சதுதான். நல்லாப் பாருங்க."

சொல்லிவிட்டு முகத்தை விளக்குப் பக்கம் உயர்த்தி, உதட்டை விலக்கிக் காட்டினாள். பூதக்கண்ணாடியின் கை பழக்கதோஷத்தில் லென்சைப் பிடித்தது, பிறகு விட்டுவிட்டது. ரொம்ப நன்றாக இருக்கிறது அம்மா என்றார். பல்லுக்காரரை அவர் பார்க்கவில்லை. டீ ஆறிவிட்டது, மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று நகர்ந்துவிட்டார். பெரிய மனிதர், அதனால்தான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

பல்லுக்காரருக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது. அக்கா அவரை உற்றுப் பார்த்தாள். என்ன பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த முகம் அவளுக்குத் தெரியும். வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நாலு பேர் நடுவில் நிற்கிற முகம்.

"வெக்கமா இருக்காடா?"

இல்லை என்று சொல்ல வந்தார். இன்னொரு பொய்க்கு உடம்பில் தெம்பில்லை. "ஆமாக்கா" என்றார். பல்லுக்காக இல்லை, பல்லுக்காக இல்லவே இல்லை என்று அடுத்தது சொல்லியிருக்கவேண்டும். அதைச் சொன்னால் எதற்காக என்பதையும் சொல்லவேண்டுமே. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. மடங்கியிருந்த அவருடைய சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டாள்.

"பழகிடும்டா," என்றாள். "எனக்குப் பழகல?"